ராமலிங்க விலாசம்: ராமநாதபுரத்துக்குக் குடிவந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

வங்கி, நீதிமன்றம், மருத்துவக் கல்லூரி, உச்சிப்புளி கடற்படைத் தளம், மண்டபம் மீன் ஆராய்ச்சி நிலையம் என்று ஏதோ ஒரு வேலையாக இந்த ஊருக்கு வந்து வாடகைக்கு வீடு பிடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் கூட்டிப் போகிறோம். ஊருக்கு நடுவே நிற்கும் அரண்மனையை மட்டும் பைக்கில் கடந்து போய்க்கொண்டே இருக்கிறோம். நான் கோவைப் பக்கத்து ஆள். இந்த அரண்மனையைப் பற்றி அலுவலகத்திலும் குடியிருப்பிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

அரண்மனை எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

ஆட்டோவில் ஏறி "அரண்மனை" என்று மட்டும் சொன்னால் கடைவீதியில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு அரண்மனை என்றால் துணிக்கடை, பாத்திரக்கடை, பழக்கடை எல்லாம் இருக்கும் அந்த வட்டாரம் முழுவதும்தான். "ராமலிங்க விலாசம்" என்றோ "அரண்மனை மியூசியம்" என்றோ கேளுங்கள். பெரிய வாசலைத் தாண்டி வளாகத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாடு தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கும் கட்டடம் அது.

மதுரை திருமலை நாயக்கர் மகால் மாதிரி இருக்குமா?

இருக்காது. அந்த எதிர்பார்ப்போடு போகிறவர்கள்தான் கால் மணி நேரத்தில் வெளியே வந்து "இவ்வளவுதானா?" என்று கேட்கிறார்கள். நாயக்கர் மகாலில் அண்ணாந்து பார்க்கவைக்கும் தூண்களும் வளைவுகளும்தான் எல்லாம். ராமலிங்க விலாசம் வெளியிலிருந்து பார்த்தால் அடக்கமான கட்டடம். உள்ளே போன பிறகும் கோயிலுக்குள் நுழைந்த உணர்வுதான் வரும், அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். முதலில் தூண்கள் நிறைந்த மகாமண்டபம், அதைத் தாண்டி அர்த்தமண்டபம், அதற்கும் உள்ளே கருவறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அறை. அந்த அறையில்தான் ராமர் பீடம் இருக்கிறது. இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகள் பட்டம் சூட்டிக்கொண்டது அந்தக் கல் பீடத்தில்.

இது ஏன் முக்கியம் என்றால், சேதுபதிகள் தங்கள் நாட்டை ராமேஸ்வரம் ராமநாதசாமியின் சொத்தாகவும் தங்களை அவருடைய ஊழியர்களாகவும் சொல்லிக்கொண்டவர்கள். சபைக் கூடத்துக்கு ராமலிங்க விலாசம் என்று சாமி பெயரையே வைத்ததும், அதைக் கோயில் போலக் கட்டியதும் அந்த எண்ணத்தோடு ஒட்டியவைதான். இதில் பக்தி எவ்வளவு, அரசியல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. சாமியின் ஊழியனை எதிர்ப்பது சாமியை எதிர்ப்பது ஆகிவிடும் இல்லையா? கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கட்டியது யார்?

கிழவன் சேதுபதி என்று ஊர் அழைத்த ரகுநாத சேதுபதி, 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதுவரை போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவரும் அவர்தான். 1710-ல் இறந்தார். உள்ளே நாம் பார்க்கும் ஓவியங்கள் பெரும்பாலும் அவருக்கு அடுத்து வந்த முத்து விஜயரகுநாத சேதுபதியின் காலத்தவை. அவர் இறந்தது 1725-ல். ஆக, கட்டடம் ஒருவருடையது, சுவரில் இருக்கும் முகம் இன்னொருவருடையது. இந்த ஒரு விஷயம் மனசில் இருந்தால் ஓவியம் பார்க்கும்போது குழப்பம் வராது.

சேதுபதிகள் ராஜாக்களா, ஜமீன்தார்களா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்களே.

இரண்டும் சரி, எந்தக் காலத்தைச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கத் தேவரை இந்தப் பகுதிக்குத் தலைவராக ஏற்றார். சேதுவுக்கு, அதாவது ராமர் அணை கட்டியதாக நம்பும் ராமேஸ்வரக் கரைக்கு, போகும் யாத்ரீகர்களை வழியில் யாரும் கொள்ளையடிக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியமான பொறுப்பு. அடுத்த நூறு ஆண்டுகளில் நாயக்கரின் கை தளர்ந்தது, சேதுபதியின் கை ஓங்கியது. 1702-ல் ராணி மங்கம்மாளின் படையைக் கிழவன் சேதுபதி தோற்கடித்த பிறகு மதுரைக்கு அடங்கிய நாடு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

பிறகு வாரிசுச் சண்டை வந்தது. 1730-ஐ ஒட்டி நாடு ஐந்து பங்காகப் பிரிந்து, இரண்டு பங்கு சிவகங்கை என்ற தனிச் சீமை ஆனது. ஆற்காட்டு நவாபும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியும் 1772-ல் ராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தார்கள். 1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்தது. அவர் திரும்பி வரவே இல்லை. 1809-ல் சென்னைக் கோட்டையில் சிறைக் கைதியாகவே இறந்தார். 1803-ல் அவருடைய சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு ஜமீன் பட்டா கொடுத்தார்கள். அதிலிருந்து 1948-ம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரைக்கும்தான் ஜமீன்தார்கள்.

ராமநாதபுரத்துக்கு மாற்றல் என்றாலே "தண்ணியில்லாக் காடு" என்றுதான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். இந்தக் காட்டில் ஒரு அரசு எதை வைத்துப் பிழைத்தது?

எனக்கும் மாற்றல் உத்தரவு வந்தபோது இதையே சொன்னார்கள். இந்த அரண்மனை விளங்க வேண்டுமானால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பதில் கிழக்கேயும் தெற்கேயும் இருக்கிறது. தஞ்சைக்கு ஆறு, மதுரைக்கு ஆறு, ராமநாதபுரத்துக்குக் கடல். வடகிழக்கே தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை என்று கரை நீண்டுகொண்டே போகிறது. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறு பக்கம் மன்னார் வளைகுடா. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் கிடைத்தன. சங்கு வங்காளம் வரைக்கும் போனது, அங்கே அறுத்து வளையல் செய்தார்கள். முத்துக் குளிப்பு நடக்கும்போது சேதுபதிக்கு அதில் பங்கு உண்டு. இரண்டு கடலையும் சேர்க்கும் பாம்பன் வாய்க்காலும் அவர்கள் கையில் இருந்தது. அந்தக் காலத்துச் சின்னக் கப்பல்களுக்கு இலங்கையைச் சுற்றிப் போகாமல் இருக்க அந்த வழி வேண்டும். அதற்காக டச்சுக்காரர்கள் சேதுபதிகளோடு சண்டையும் போட்டார்கள், உடன்படிக்கையும் எழுதினார்கள்.

இதோடு சேதுவுக்கு வரும் யாத்ரீகர் கூட்டம். காசியிலிருந்து நடந்து வருகிறவர்களுக்குச் சாலையோரமெல்லாம் சத்திரம் கட்டிச் சோறு போட்டது தர்மக் கணக்கில் வரும். ஆனால் ஒரு சின்ன நாட்டின் பெயர் வடக்கே வரைக்கும் போய்ச் சேர்ந்ததும் அந்தச் சத்திரங்களால்தான்.

விவசாயமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். ஒரு நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவு பெரியதாம். வைகை தன் கடைசித் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்ப்பது ராமநாதபுரம் பெரிய கண்மாயில். மழை பெய்தால் இது நெல் விளையும் சீமை. பெய்யாவிட்டால் மட்டும்தான் நம் ஆட்கள் சொல்லும் காடு.

உள்ளே போனதும் எதைப் பார்ப்பது? சுவர் முழுக்க ஓவியம், தலை சுற்றுகிறது.

ஆமாம், சுவர், தூண், வளைவு, விதானம் என்று ஒரு சாண் இடம் விடாமல் வரைந்திருக்கிறார்கள். அவசரப்பட்டால் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகக் கலங்கித் தெரியும். நான் சொல்லும் வழி இது: ராமாயணத்தைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் ராஜாவைத் தேடுங்கள்.

முத்து விஜயரகுநாத சேதுபதியைக் கண்டுபிடிப்பது சுலபம். நகையும் மெல்லிய உடையுமாக, சுற்றி இருப்பவர்களை விடப் பெரிதாக, பல இடங்களில் வருவார். ஓரிடத்தில் ராஜராஜேஸ்வரி அம்மன் அவர் கையில் செங்கோல் கொடுக்கிறாள். இன்னோரிடத்தில் மதுரை விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு ரத்தினாபிஷேகம் செய்கிறார். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். அதிகாரம் அம்மனிடமிருந்து வந்தது என்று ஒரு படம் சொல்கிறது, பழைய எஜமானர்களே கௌரவித்தார்கள் என்று இன்னொரு படம் சொல்கிறது. பார்க்க வந்த பாளையக்காரனுக்கும் தூதுவனுக்கும் வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

அடுத்து போர்க் காட்சி. தஞ்சை மராத்தியர்களோடு நடந்த சண்டை. குதிரை வீரர்களும் காலாட்களும் வரிசை வரிசையாக மோதுகிறார்கள். இந்த ஓவியங்களில் உயிர்த் துடிப்பு அதிகம் உள்ளது இதுதான் என்பது என் கருத்து. அம்மன் காட்சியில் எல்லோரும் அசையாமல் நிற்கிறார்கள், இங்கே யாரும் நிற்பதாகத் தெரியவில்லை.

அதன் பிறகு ராஜாவின் அந்தரங்கம். பெண்கள் சூழ இருக்கும் காட்சிகள், சல்லாபக் காட்சிகள், மாடிப் பள்ளியறையில் உட்பட. மாமனார் மாமியாரோடு போகிறவர்கள் கொஞ்சம் வேகமாக நடக்கலாம், அவ்வளவுதான். வரைந்தவர்கள் இதையும் பட்டாபிஷேகத்தையும் ஒரே பெருமையோடுதான் வரைந்திருக்கிறார்கள்.

கடைசியில் பாலகாண்டத்துக்கும் பாகவதத்துக்கும் வாருங்கள். பட்டை பட்டையாகப் பிரித்து, காட்சிக்குக் காட்சி கதை நகரும். கீழே எழுத்தும் இருக்கும், சில தமிழில், சில தெலுங்கில். தமிழ் எழுத்தைக் கொஞ்சம் முயன்றால் நாமே படித்துவிடலாம். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கையெழுத்து என்பதால் புள்ளி இருக்காது, கால் கொம்பு மாறும். குழந்தைகளிடம் விட்டால் பெரியவர்களுக்கு முன்னால் அவர்கள் படித்துவிடுவார்கள்.

தமிழ் நாட்டு அரண்மனையில் தெலுங்கு எதற்கு?

நாயக்கர் காலத்துச் சபை மொழி தெலுங்கு. மதுரையிலும் தஞ்சையிலும் சபைப் பாட்டு, நாடகம், கடிதம் எல்லாம் அதில் நடந்தன. சேதுபதி சபையும் அந்த மரியாதையை விட்டுக்கொடுக்க விரும்பியிருக்காது.

தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் ஒரு படத்தில் இருக்கிறார்களே, அவர்கள் யார்?

சேதுபதியைப் பார்க்க வந்திருக்கும் ஐரோப்பியர்கள். டச்சுக்காரர்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கருத்து. காரணமும் பொருத்தமானது. 1658-ல் தூத்துக்குடியைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்த பிறகு இந்தக் கரையில் முத்துக்கும் சங்குக்கும் துணி வியாபாரத்துக்கும் போட்டி போட்டவர்கள் அவர்கள்தான். இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது, யார் யாருக்குச் சமம் என்பதில் ஓவியனுக்கு எந்தச் சந்தேகமும் இல்லாதது. ராஜா ராஜாவாக இருக்கிறார், வந்தவர்கள் வந்தவர்களாக இருக்கிறார்கள். எண்பது வருஷத்துக்குள் இதே கட்டடத்தில் அந்த உறவு தலைகீழாக மாறியதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள் இந்தச் சுவர்களில் இன்னும் பலர் இருக்கிறார்கள். மராத்தியர், மதுரை நாயக்கர், கடல் தாண்டி வந்தவர்கள். கடற்கரை ஊர் என்றால் அப்படித்தான்.

கட்டபொம்மன் ஜாக்சனைச் சந்தித்தது இங்கேதானா?

இங்கேதான், ராமலிங்க விலாசத்தின் மாடியில். 1798 செப்டம்பரில்.

சினிமாவில் பார்த்ததை ஒதுக்கி வைத்துவிட்டு நடந்ததைப் பார்த்தால் கதை இப்படி. 1795-ல் சேதுபதியை இறக்கிவிட்ட பிறகு இந்த அரண்மனையில் கம்பெனிக் கலெக்டர் உட்கார்ந்து உத்தரவு போடும் நிலை. வரி பாக்கிக்காகக் கட்டபொம்மனை வரச்சொன்ன கலெக்டர் ஜாக்சன், குற்றாலம் தொடங்கி ஊர் ஊராக அவரைப் பின்தொடரவைத்தார். எங்கேயும் பார்க்கவில்லை. கடைசியில் ராமநாதபுரத்தில்தான் பேட்டி. நிற்கவைத்தே விசாரணை நடந்தது. பேச்சு முடிந்ததும் கட்டபொம்மனைக் கைது செய்யும் ஏற்பாடு தெரியவந்தது, கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மன் தப்பினார், அவருடைய அமைச்சரான தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். ஜாக்சன் நடந்துகொண்ட விதத்தைக் கம்பெனி மேலிடமே ஏற்கவில்லை, அவர் பதவி போயிற்று. ஆனால் அடுத்த வருஷம் அக்டோபர் 16-ம் தேதி கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள்.

மாடிக்குப் போகும்போது அந்தப் படிகளின் குறுகலைக் கவனியுங்கள். ஆயுதத்தோடு ஒரு கூட்டம் அவசரமாக இறங்க வேண்டுமென்றால் என்ன பாடு பட்டிருக்கும் என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.

வேலு நாச்சியார் பிறந்தது இந்த அரண்மனையிலா?

சேதுபதி குடும்பத்துப் பெண் அவர், செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதியின் மகள், 1730-ல் பிறந்தவர். சிவகங்கை முத்துவடுகநாதருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். 1772-ல் கணவர் காளையார்கோயிலில் கொல்லப்பட்ட பிறகுதான் நாம் பாடத்தில் படித்த கதை தொடங்குகிறது.

சீதக்காதிக்கும் இந்த அரண்மனைக்கும் என்ன தொடர்பு?

"செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று நாம் பழமொழியாகச் சொல்லும் அதே சீதக்காதி. ஷெய்கு அப்துல் காதர் என்ற பெயருடைய கீழக்கரை மரக்காயர், பெரிய கப்பல் வணிகர். கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பர், ஆலோசகர். சேதுபதியின் பட்டப் பெயரான விஜயரகுநாத என்பதைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு கொடுத்தவரும் படிக்காசுப் புலவரின் பாட்டுக்குப் பொருள் கொடுத்தவரும் அவரே.

இந்த அரண்மனை எழும்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இந்தப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. நம்ப முடியாத விஷயம் இல்லை. அந்தக் காலத்தில் ரொக்கம் புரண்டது கப்பல்காரர்கள் கையில். ராமநாதசாமியின் ஊழியன் என்று சொல்லிக்கொண்ட ராஜாவுக்கு ஒரு மரக்காயர் வலது கையாக இருந்தது இந்தக் கரையில் யாருக்கும் வியப்பாக இருந்ததாகத் தெரியவில்லை. பள்ளிவாசல்களுக்குச் சேதுபதிகள் நிலம் எழுதிக்கொடுத்த செப்பேடுகள் பல இருக்கின்றன.

அப்படியானால் கிழவன் சேதுபதி எல்லா மதத்தையும் ஒன்றாகப் பார்த்தவரா?

அவ்வளவு எளிதாக முடித்துவிட முடியாது. ஜான் டி பிரிட்டோ என்ற போர்ச்சுக்கீசிய சேசு சபைப் பாதிரியாரை, நம் ஆட்கள் அருளானந்தர் என்பார்கள், ஓரியூரில் தலை வெட்டிக் கொன்றது இவருடைய ஆட்சியில்தான், 1693 பிப்ரவரி 4-ல். அரச குடும்பத்தோடு தொடர்புடைய தடியத் தேவர் கிறிஸ்தவரானதும், அதற்காக ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கி வைத்ததும், அதில் ஒரு பெண் சேதுபதியின் உறவு என்பதும்தான் அதற்கு முந்தைய கதை. மதம் பாதி, குடும்ப கௌரவம் பாதி. ஓரியூர் இன்று பெரிய யாத்திரைத் தலம். அங்கே இருக்கும் செம்மண்ணை அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று எடுத்துப் போகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1710-ல் அவர் இறந்தபோது மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறியதாகப் பாதிரிமார் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை கூடக் குறைய இருக்கலாம். மாடியில் பெண்கள் சூழ ராஜா இருக்கும் படங்களைப் பார்க்கும்போது இது எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

விவேகானந்தருக்கு உதவிய ராஜா இந்தக் குடும்பம்தானே?

ஆமாம், பாஸ்கர சேதுபதி. 1893-ல் சிகாகோ போக ஊக்கமும் பொருளும் கொடுத்தவர். 1897 ஜனவரி 26-ல் விவேகானந்தர் திரும்பி வந்து பாம்பனுக்குப் பக்கத்துக் குந்துகாலில் இறங்கியபோது ராஜாவே போய் வரவேற்றார், வண்டியைத் தானும் சேர்ந்து இழுத்தார். குந்துகாலில் இப்போது நினைவு மண்டபம் இருக்கிறது. மதுரையில் 1901-ல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரும் இதே குடும்பத்து உறவுதான். வாரி வாரிக் கொடுத்தே பாஸ்கர சேதுபதி கடனாளி ஆனார், முப்பத்தைந்து வயதிலேயே 1903-ல் இறந்தும் போனார்.

இங்கிருந்து ராமேஸ்வரத்துக்குச் சுரங்கப்பாதை இருக்கிறதாமே?

தமிழ்நாட்டில் சுரங்கம் இல்லாத அரண்மனை ஏது? ராமேஸ்வரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நடுவே இரண்டு கிலோமீட்டர் கடல். அதன் மேல் ரயில் பாலம் போடவே 1914 வரை ஆயிற்று. மேற்கொண்டு நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓவியம் தவிர வேறு என்ன இருக்கிறது?

வாள், ஈட்டி, துப்பாக்கி, சிற்பங்கள் என்று அருங்காட்சியகப் பொருள்கள். தவறவிடக் கூடாதது வளரி. பிறை மாதிரி வளைந்து, ஒரு முனை கனத்து இருக்கும் எறி ஆயுதம். சேதுபதி, சிவகங்கைச் சீமைக்காரர்களின் கைவரிசை இதில்தான். கம்பெனிப் படைகளை இது மிகவும் தொந்தரவு செய்தது.

ராஜ குடும்பம் இன்னும் அங்கே இருக்கிறதா? உள்ளே எல்லா இடமும் பார்க்கலாமா?

வளாகத்தின் ஒரு பகுதி அவர்களுடைய சொந்த இடம். அங்கே எட்டிப் பார்ப்பதும் கேட்டைத் தட்டிப் படம் எடுக்கலாமா என்று கேட்பதும் நன்றாக இருக்காது. நமக்கு ராமலிங்க விலாசம் போதும். வளாகத்திலேயே ராஜராஜேஸ்வரி அம்மன் கோயில் இருக்கிறது. சுவரில் செங்கோல் கொடுத்த அதே அம்மன்.

முடிந்தால் நவராத்திரியில் போங்கள். மைசூர்ப் படை மதுரை மேல் வந்தபோது திருமலை சேதுபதி படையோடு போய் நாயக்கரைக் காப்பாற்றினார். அதற்கு நன்றியாக மதுரையில் கொண்டாடுவது போலவே ராமநாதபுரத்திலும் நவராத்திரி கொண்டாடும் உரிமையைத் திருமலை நாயக்கர் கொடுத்தார் என்பது வரலாறு. ஒரு பண்டிகை கொண்டாட உரிமை வாங்க வேண்டியிருந்த காலம்! விழா இன்றும் நடக்கிறது.

எந்த நேரத்தில் போவது நல்லது? படம் எடுக்கலாமா?

காலையில் திறந்தவுடன். ஏப்ரல், மே மாதங்களில் பகல் பதினொன்றுக்கு மேல் இந்த ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தடித்த சுவர் என்பதால் உள்ளே குளுமையாகத்தான் இருக்கும். அரசு விடுமுறை நாளா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

படம் எடுப்பதற்கான விதியை டிக்கெட் கொடுப்பவரிடமே கேளுங்கள். அனுமதித்தாலும் ஃபிளாஷ் போடக் கூடாது. சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய வண்ணம் அது, கை வைத்தாலும் உதிரும். பல இடங்களில் ஆட்கள் பெயர் கிறுக்கி வைத்த அடையாளம் தெரிகிறது. ஒரு தடவை ஒரு பையன் விரலால் குதிரையைத் தடவிக்கொண்டே நடந்தான். அங்கே பணியில் இருந்தவர் அதட்டவில்லை. "தம்பி, அது முந்நூறு வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு, நிப்பாட்டிப் போடாத" என்றார். பையன் கையைப் பையில் விட்டுக்கொண்டான்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

கீழ்த்தளம் தாராளமாகப் பார்க்கலாம், படிகள் கொஞ்சம்தான். மாடிக்கு அழைத்துப் போகாதீர்கள்.

ஒரு நாள் முழுக்க ஒதுக்கியிருக்கிறோம். அரண்மனைக்குப் பிறகு எங்கே போகலாம்?

ராமேஸ்வரம் பக்கம் போகாதீர்கள், அது தனி நாள். கீழக்கரைச் சாலையைப் பிடியுங்கள். வழியில் பத்து கிலோமீட்டரில் திருப்புல்லாணி. ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கும் கோலம் அங்கே. சேதுபதி என்ற பட்டத்துக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை எது என்று அந்தச் சன்னதியில் தெரியும். பக்கத்தில் சேதுக்கரைக் கடல்.

அங்கிருந்து கீழக்கரை. சீதக்காதி கட்டிய பெரிய ஜும்மா பள்ளிவாசலைப் பாருங்கள். தொழுகை நேரம் தவிர்த்து, வெளியில் இருப்பவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, எங்கே வரை போகலாம் என்று சொல்கிறார்களோ அதுவரை போங்கள். கல் தூண்கள், போதிகை, வேலைப்பாடு எல்லாம் நம் கோயில் மண்டபத்துச் சிற்பிகள் கைவண்ணம் மாதிரியே இருக்கும், உருவங்கள் மட்டும் இருக்காது. காலையில் ராமலிங்க விலாசத்துத் தூண்களைப் பார்த்துவிட்டு மதியம் இதைப் பார்த்தால் இரண்டும் ஒரே கரையில், ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுந்தவை என்பது கண்ணுக்கே தெரியும்.

கடைத்தெருவில் தொதல் வாங்காமல் திரும்பாதீர்கள். தேங்காய்ப்பால், அரிசி மாவு, கருப்பட்டி சேர்த்துக் கிண்டியது. கோவைக்கு வாங்கிப் போனால் அல்வா என்று நினைத்துத்தான் எடுப்பார்கள், பிறகு அடுத்த தடவைக்குச் சொல்லிவைப்பார்கள். நேரம் இருந்தால் மேற்கே ஏர்வாடி தர்கா வரைக்கும் போகலாம். இல்லையென்றால் கீழக்கரைக் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, இருட்டுவதற்குள் ராமநாதபுரம் பஸ் ஏறுங்கள்.